கொழும்புக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது

கொழும்புக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்பது வழக்கமாகிவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து மட்டுமல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். என் மகன் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருக்கிறான் என்பது ஊருக்குத் தெரியும். நான் பள்ளிக்கூட வாத்தியார், கேட்டவர்களைச் சும்மா அனுப்பமாட்டேன் என்பதும் தெரியும். ஆனால் நான் கொழும்பைப் பார்த்ததில்லை. தூத்துக்குடியில் படகு புறப்படுகிற இடத்தோடு என் பயணம் முடிந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். யாரும் காதில் வாங்குவதில்லை.

தகரப்பெட்டி வேண்டும், தோல்பெட்டி வேண்டாம் என்பேன். வழியில் உள்ள நோய்த்தடுப்பு முகாமில் துணிமணிகளையெல்லாம் நீராவியில் போட்டு எடுக்கிறார்கள், தோல் சுருண்டுபோகும். கொழும்பின் வெக்கை நம்மூர் வெக்கை இல்லை. நம்முடையது காய்ந்த வெக்கை, அது ஈர வெக்கை. துவைத்த சட்டை உலராது, உடுத்த சட்டையும் உலராது. ஆகையால் மெல்லிய பருத்திச் சட்டையாகக் கூடுதலாக வைக்க வேண்டும். மலைத்தோட்டத்துக்குப் போகிறவனாக இருந்தால் கட்டாயம் ஒரு கம்பளி. காலில் ஏறுகிற அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் ஒரு துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். கப்பலில் நடுப்பாகத்தில் படுக்க வேண்டும், நுனியில் படுத்தால் குடல் வெளியே வந்துவிடும். எலுமிச்சம்பழம், அவல், உப்பிட்ட நார்த்தங்காய். இறங்குகிற இடத்தில் சாமானைத் தூக்க நாலு பேர் பாய்வார்கள். பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு ஒருவனிடம் மட்டும் பேச வேண்டும். தண்ணீர் என்றால் கொதித்து ஆறிய தண்ணீர், இல்லையென்றால் வெறும் தேத்தண்ணீர். அதுவும் தன் டம்ளரில்.

இதையெல்லாம் தலையாட்டிக் கேட்பார்கள். கடைசியாக நான் சொல்வதைத்தான் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். புறப்படுகிற வாரத்தில் பிள்ளைக்கு விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள் என்பேன்.

"அதெப்படி ஐயா, வயித்தச் சுத்தம் பண்ணாம அசலூருத் தண்ணியில கொண்டு விடச் சொல்லுதிய?" என்று ஒரு தகப்பனார் போன மாதம்கூடக் கேட்டார்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம். இந்தப் பக்கத்தில் நெடும்பயணம் போகிறவன் எவனும் பேதிக்குச் சாப்பிடாமல் புறப்பட்டதில்லை. வயிற்றில் பழைய கசடு கிடந்தால் புதுத் தண்ணீர் அதோடு சேர்ந்து கெடும் என்பது எங்கள் எல்லாருடைய நம்பிக்கை. என் மகன் புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் அவன் தாய் ஒரு கிண்ணம் நிறைய விளக்கெண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்தாள். நான் அவனுடைய மூக்கைப் பிடித்துக்கொண்டேன். இருபது வயதுப் பிள்ளை.

"அப்பா, நான் கொழும்புக்குத்தான் போறேன், பரலோகத்துக்கு இல்ல. எதுக்கு இவ்வளவு சுத்தம்?" என்று வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"குடிலே பேசாம" என்றேன்.

எங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு பேரையும் ஒரே காலராவில் பறிகொடுத்தவர்கள் நாங்கள். ஆற்றில் புதுவெள்ளம் வந்த பருவம் அது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்காமல் பானைக்குப் போனதில்லை. அந்த நோய் எப்படித் தொற்றுகிறது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். எஞ்சியிருந்தவன் இவன் ஒருவன்தான்.

தூத்துக்குடிவரை கூடப் போய் வழியனுப்புவது என்று நானும் ரயிலேறினேன். மணியாச்சியைத் தாண்டியதும் மரங்கள் குறைந்து முள் நிறைந்த உடங்காடும் செம்மண்ணுமாகிவிடும். அந்தப் பொட்டலில்தான் முகாம் இருந்தது. இலங்கைக்குப் போகிற மூன்றாம் வகுப்புக்காரர்கள் எல்லாரையும் அங்கே இறக்கிவிடுவார்கள். வைத்தியப் பரிசோதனை முடிந்து, சொன்ன காலம்வரை இருந்து, அதன் பிறகுதான் கப்பல். தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிற கங்காணிகளும் அவர்களுடைய கூட்டங்களும்தான் அங்கே அதிகம். என்னைக் கம்பி வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மகன் தகரப்பெட்டியோடு வரிசையில் போய் நின்றான்.

வரிசையில் என்ன நடந்தது என்பதை வேலியோரம் நின்றே பார்த்தேன். டாக்டர் ஒவ்வொருவரையும் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, கக்கத்தைத் தடவி, காய்ச்சல் உண்டா, வயிறு போகிறதா என்று கேட்டார். கங்காணி தன் ஆட்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தான். எல்லாரும் "இல்லைங்க, இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார்கள். பொய் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் என் மகன். விளக்கெண்ணெய் அவனை இன்னும் விட்டபாடில்லை. ரயிலிலேயே முகம் வெளுத்துப்போய்த்தான் இருந்தான்.

"போகுது சார். விளக்கெண்ணெய் குடிச்சிருக்கேன்" என்றான்.

"காலராக்காரன் ஒவ்வொருத்தனும் விளக்கெண்ணெய் குடிச்சவன்தான்" என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

வாந்திபேதிக்காரர்களைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்த கொட்டகை வேலிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மேலே ஓலை, பக்கங்களில் இடுப்புயரத்துக்குத் தட்டி. வேலி இரட்டை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். அதற்கப்பால் மகன் பெட்டியை இறக்கி வைப்பது எனக்குத் தெரிந்தது. என்னால் ஆன மட்டும் வாசலில் மன்றாடினேன். எண்ணெய் கொடுத்தவனே நான்தான், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல விடுங்கள் என்றேன். முடியாவிட்டால் என்னையும் அந்தக் கொட்டகையிலேயே போடுங்கள் என்றும் கேட்டேன்.

வாசல் காவல்காரன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "போறது சுலபம் வே. வாரதுதான் கஷ்டம். பேசாம அந்த மரத்தடியில உக்காரும். உம்ம மகனுக்கு ஒண்ணுமில்லன்னா அவுகளே விட்டுருவாக" என்றான்.

ஒன்றுமில்லாதவனை நோயாளிகளுக்கு நடுவில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தால் எவ்வளவு நேரம் ஒன்றுமில்லாமல் இருப்பான்? இதைத்தான் நான் கேட்டேன். அவன் அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தான்.

கொட்டகையின் தூரக் கோடியில் சுருண்டு கிடந்தவர்களைப் போர்வைகளாகத்தான் என்னால் பார்க்க முடிந்தது. என் மகனுக்குப் பக்கத்துப் பாயில் மட்டும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். கங்காணியின் கூட்டத்தில் வந்தவர், ரயிலை விட்டு இறங்கியதும் வாந்தி எடுத்ததால் பிடித்துப் போட்டிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் அவருக்குப் பேசத் தெம்பு இருந்தது.

"தம்பிக்கும் இதே சீக்குதானா? நீய படிச்சவகள்லா, உங்க வயிறு இங்கிலீசுலயா போவுது?" என்று அவர் கேட்டது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. என் மகன் சிரித்துவிட்டான். ஊரைக் கேட்டான். சேரன்மகாதேவிக்கு மேற்கே கால்வாய் ஓரத்துச் சேரி என்றார் அவர். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறதாம். தோட்டத்துக்குப் போய்க் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு பெண்சாதியை அழைத்துக்கொள்ள நினைத்திருந்தாராம்.

எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பேசப் பேசப் பக்கத்தில் நகர்ந்து உட்காருவான் என்பது எனக்குத் தெரியும். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"ஏலே, பாயை இங்கனத் தள்ளிப் போடு! காத்து வர்ற பக்கமா படு. அங்கன உள்ள எதையும் தொடாதே. பானையில மோந்து குடிக்காதே, நான் குடுத்த கூஜாத் தண்ணி இருக்குல்லா, அத மட்டும் கொஞ்சங் கொஞ்சமா குடி. உன் டம்ளரை யாருக்கும் குடுக்காதே!"

"சரிப்பா, சரிப்பா" என்றான். பக்கத்திலிருந்தவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எதிரிலேயே சொல்லிவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவன் பாயைத் தள்ளிப் போடுகிறவரை நான் கம்பியை விடவில்லை.

மறுநாள் விடிந்தபோது அவர் படுத்திருந்தார். கண் குழிவிழுந்து, கன்னம் ஒட்டி, ஒரே நாளில் வேறு ஆளாகியிருந்தார். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்படித்தான் ஆனார்கள். வெயில் ஏற ஏற, அவர் தண்ணீர் கேட்க ஆரம்பித்தார். முகாமின் தண்ணீர்ப் பானை கொட்டகை வாசலருகே இருந்தது, அவரால் அதுவரை நகர முடியவில்லை. தண்ணீர் கொடுக்கிற ஆள் காலையில் ஒரு தடவை வந்தவன் பிறகு வரவில்லை.

"தம்பி, தண்ணி" என்றார். என் மகன் எழுந்து உட்கார்ந்தான்.

"படுலே!" என்றேன்.

"அப்பா, தவிச்சுக் கெடக்காருப்பா."

"அவங்க ஆள் வருவான். நான் போய்ச் சொல்லுதேன். நீ கிட்டப் போகாதே. உங்க அண்ணன், அக்கா ரெண்டு பேரும் எப்படிப் போனாகன்னு உனக்குத் தெரியாது."

வாசலுக்கு ஓடினேன். உள்ளே ஒருவர் தண்ணீர் கேட்கிறார், ஆளை அனுப்புங்கள் என்றேன். காவல்காரன் உள்ளே சொல்லி அனுப்பினான். யாரும் வரவில்லை. திரும்பி ஓடிவந்தேன். மகன் கூஜாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அவன் நின்றுகொண்டேயிருந்தான். "உங்க அம்மையை நினைச்சுக்கோ" என்றேன். கூஜாவைக் கீழே வைத்துவிட்டு, தட்டிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவர் வெகுநேரம் கூப்பிட்டார். முதலில் தம்பி என்றார், பிறகு யார் யாரையோ. நான் மறுபடியும் வாசலுக்குப் போனேன், மறுபடியும் வந்தேன். மத்தியானத்துக்கு மேல் அந்த ஆள் வாளியோடு வந்தபோது, கூப்பிடுகிற சத்தம் நின்று போயிருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, போர்வையை முகத்தின்மேல் இழுத்து விட்டான்.

அன்று நான் சொன்னது தவறென்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. நாளைக்கு அந்த வேலியோரம் நிற்க நேர்ந்தாலும் அதையேதான் கத்துவேன். ஆனால் அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை என்பதும் உண்மை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் ஒரு பையன் தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் போ போ என்று சொல்லிவிடுகிறேன்.

விளக்கெண்ணெயின் வேலை முடிந்து மகனுக்கு வயிறு நின்றுவிட்டது. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. மேலும் சில நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுக் கொட்டகையிலிருந்து விட்டார்கள். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வருவதில்லை, தூரத்தில் நிற்கும். சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். படகுக்குக் காத்து நின்றபோது, வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றான். கப்பலில் நடுவில் படு என்றேன். சரி என்றான். ஏறுவதற்குச் சற்று முன்னால்தான், "அவரு ஊரு தெரியும்லாப்பா. போய் அவுக வீட்டுல சொல்லிருங்க. கங்காணி சொல்லமாட்டான்" என்றான்.

சொன்னபடியே போனேன். சேரன்மகாதேவிக்கு மேற்கே, கால்வாய்க் கரையில் விசாரித்துக்கொண்டு போனபோது அந்தப் பெண் நடவில் நின்றிருந்தாள். கூட நட்டவர்கள் குரல் கொடுத்து அழைத்தார்கள். சேறு காலோடு வரப்பில் ஏறி வந்தாள். சின்னப் பெண், என் மகனைவிட ஒன்றிரண்டு வயது கூடுதலாக இருக்கலாம். நான் சொல்லி முடித்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை உடனே வரவில்லை.

"கடைசில தண்ணி கேட்டாகளாய்யா?" என்றாள்.

"கேட்டாரும்மா."

"ஆராச்சும் குடுத்தாகளா?"

நாக்கு வறண்டு போகிற உயிர் ஊர் வந்து சேராது, வழியிலேயே அலையும் என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் அதை எனக்கு மெதுவாகச் சொன்னார். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மகன் குடுத்தான்" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. "மேல இருந்து ஊத்துனாகளா, ஏனத்தக் கையில குடுத்தாகளா?" என்று கேட்டாள். மேல்சாதிக்காரர்கள் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தால், பாத்திரத்தைத் தொடவிடாமல் உயரத்திலிருந்து கையில் ஊற்றுவதுதான் வழக்கம். ஏன் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"தலையைத் தூக்கித் தன் மடியில வச்சு, தன் டம்ளர்ல குடுத்தான்" என்றேன். இவ்வளவு விவரமாக எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

அந்த வருஷத்திலிருந்து அவள் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். பாளையங்கோட்டைச் சந்தைக்கு வருகிறவர்களோடு சேர்ந்து வருவாள். முருங்கைக்காயோ பனங்கிழங்கோ கையில் இருக்கும். "தம்பி சொகமா இருக்காகளா? தெனமும் அவுகளுக்கும் சேத்துத்தான் சாமிகிட்டக் கேக்கேன்" என்பாள். என் மனைவி உட்காரச் சொல்லிச் சாப்பாடு போடுவாள். மனைவிக்கும் உண்மை தெரியாது, நான் சொல்லவில்லை. நான் அந்த நேரங்களில் பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்துகிறவன் மாதிரி உள்ளே இருந்துவிடுவேன்.

சில வருஷம் கழித்து மகன் லீவில் வந்தான். மீசை வைத்து, உடம்பு கறுத்து, நல்ல ஆரோக்கியமாக இருந்தான். அவன் தாய் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவன் வருகிற செய்தி அந்தப் பெண்ணுக்கும் எட்டியிருந்தது. மறுநாள் வருகிறாள் என்று தெரிந்ததும், அவன் சவரம் செய்துகொண்டிருந்த நேரத்தில் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தப் பிள்ளை வரும்லே. நீ தண்ணி குடுத்தேன்னு நான் சொல்லி வச்சிருக்கேன்."

கத்தி நின்றது. "எப்ப சொன்னீங்க?"

"அன்னைக்கே."

"இத்தனை வருசமா அத நம்பிக்கிட்டா இருக்காக?"

"நம்பட்டுமே. யாருக்கு என்ன நட்டம்? நீ ஒண்ணும் சொல்லவேண்டாம், சும்மா இருந்தாப் போதும்."

கத்தியைக் கழுவிவிட்டு மிச்சச் சவரத்தை முடித்தான்.

அவள் பனங்கிழங்குக் கட்டோடு வந்தாள். முற்றத்தில் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்தக் கையா?" என்று கேட்டு, அனுமதிக்குக் காத்திராமல் அவனுடைய வலது கையை எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தான். நான் மூச்சுவிட்டேன், தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"அக்கா, நான் குடுக்கல" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. "என்ன தம்பி?"

"தண்ணி. அவரு கேட்டாரு. எங்கிட்ட இருந்துச்சு. குடுக்கல. திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

கையை உடனே விட்டுவிடவில்லை அவள். மெல்ல மெல்லத்தான் விட்டாள். என் மனைவி வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள்.

"ஐயா சொன்னாகளே. மடியில தூக்கி வச்சுன்னு சொன்னாகளே."

அப்பா தடுத்தார் என்று மகன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அவன் சொல்லவில்லை. கடைசிவரைக்கும் என்னை இழுக்கவேயில்லை.

"பயந்திருப்பிய தம்பி. சின்ன வயசு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னைக்கே இல்லன்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே அழுது முடிச்சிருப்பேனேய்யா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தெரியாத பையனுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி பையச் சொன்னாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்ததில்லை. அந்தக் கிழங்கை என் மனைவி அவிக்கவில்லை, மாட்டுக்கும் போடவில்லை.

லீவு முடிந்து மகன் புறப்பட்டான். இந்தத் தடவை வீட்டில் யாரும் விளக்கெண்ணெய் எடுக்கவில்லை. நான் என் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன்.

"நீங்க வரவேண்டாம்ப்பா" என்றான்.

"ரயிலடி வரைக்குமாவது வாரேன்."

"ரயிலடி வரைக்கும் வாங்க. முகாமுக்கு வேண்டாம்."

ஆற்றுப் பாலத்து ஸ்டேஷனில் ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். கம்பளி, எலுமிச்சம்பழம், கொதித்த தண்ணீர், பாயை எந்தப் பக்கம் போடுவது என்பதுவரை சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அடுத்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று சொல்ல வந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது. நகராமலிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அந்த வருஷமும் முகாமில் வாந்திபேதி இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவன் கொழும்பு போய்ச் சேர்ந்துவிட்டான். அதுவரை எனக்குத் தெரியும். அந்த வேலிக்குள் யார் பக்கத்தில் படுத்தான், யாருக்கு என்ன செய்தான் என்பதை நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.